எதிர் வீட்டு அளவு

மின்சாரம் போனதும் தணிகாசலம் புது ஜெனரேட்டரை ஓடவிட்டார். பூஜை போட்டு வைத்த சந்தனப் பொட்டு அதன் மேல் இன்னும் காயவில்லை. விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. பிறகு கிணற்று மோட்டாரின் சுவிட்சைத் தட்டினார்.

ஜெனரேட்டர் அலறியது. "யோவ் மோட்டார்! கிளம்பும்போதே என் உயிரை உறிஞ்சுறியே, வெக்கமா இல்ல?"

"கத்தாதே!" என்று மோட்டார் உறுமியது. "ஓட ஆரம்பிச்சா அடக்கமாத்தான் இழுப்பேன். கிளம்பும்போது மட்டும் மூணு பங்கு வேணும். என் பிறப்பு அப்படி."

"என்னை வாங்குறதுக்கு முன்னாடியே அதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"என்னை எவன் கேட்டான்? இந்த வீட்டுல என்னென்ன ஓடுதுன்னு இவர் ஒரு தடவையாவது பாத்தாரா? எதிர் வீட்டு ஜெனரேட்டரைத்தான் மதில் மேல எட்டி எட்டிப் பாத்து, அதே அளவுல உன்னை வாங்கிட்டாரு. அந்த வீட்டுல மோட்டாரே கிடையாதுய்யா! தெருக்குழாய்த் தண்ணிதான்."

ஜெனரேட்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தது. புகைதான் வந்தது. வீடு இருண்டது.

"சொத்தை மெஷின்!" என்று தணிகாசலம் அதை எட்டி உதைத்தார். மறுநாளே பெரிதாக ஒன்று வாங்கக் கிளம்பினார்.

இந்தத் தடவை அவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, பின்பக்கத்துக் கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரை.