நண்டு கேட்ட சத்தம்

ஏரிக்கரையின் அடியில் வளை தோண்டி ஒரு நண்டு குடியிருந்தது. கரைக்குக் கீழே பள்ளத்தில் ஓர் எருமை தன் கன்றோடு படுத்திருந்தது. அடைமழை ஓய்ந்த காலையில் நண்டு எருமையிடம் ஓடி வந்தது.

“அக்கா, கரை உடையப் போகுது. கன்றைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போயிடுங்க.”

“மழை பெஞ்சாலே உனக்கு இதே பேச்சு,” என்றது எருமை, அசை போட்டபடி.

“என் வளைக்குள்ளே சத்தம் கேட்குது, அக்கா.”

“என்ன சத்தம்?”

“ஒரு மாதிரியான சத்தம்.”

“ஒரு மாதிரியான சத்தத்துக்கெல்லாம் என்னால எழுந்திருக்க முடியாது.”

நண்டு திரும்பிப் போனது. வளை வாசலில் மண் சரிந்துகொண்டிருந்தது. பயமாக இருந்தாலும் உள்ளே இறங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டு, அந்தச் சத்தம் மனதில் பதியும்வரை கேட்டது. பிறகு வந்து எருமையின் காதருகே ஏறி நின்றது.

“நேத்து சொட்டுச் சொட்டுன்னு கேட்டுச்சு. இப்போ மடக் மடக்குன்னு கேட்குது.”

எருமை அசை போடுவதை நிறுத்தியது. “அது தண்ணி குடிக்கிற சத்தமாச்சே! உள்ளே யார் குடிக்கிறது?”

“தண்ணிதான், அக்கா. கரையைக் குடிக்குது.”

எருமை சட்டென்று எழுந்து, கன்றை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடியது. நண்டு அதன் கொம்பைக் கவ்விக்கொண்டது. அவர்கள் மேடேறியதும் கரை பிளந்து, பள்ளம் முழுக்க வெள்ளம் பாய்ந்தது.

“உன் வளை போச்சே!” என்றது எருமை.

நண்டு கொம்பிலிருந்து இறங்கி, ஈர மண்ணைக் காலால் கீறிப் பார்த்தது.

“இந்த மேட்டு மண் கொஞ்சம் கெட்டி,” என்று சொல்லிவிட்டுத் தோண்டத் தொடங்கியது.