பத்து மணிக் கட்டம்

கப்பல்கட்டும் தளத்தின் கேன்டீனில் காலை வெயில் மேசைவரை வந்திருக்கிறது. ஓய்வுபெறுபவர்களைப் பற்றி ஆராயும் நிவெஸ், கணவன் மனைவி இருவருக்கும் ஆளுக்கொரு தாள் தந்து, வேலையில்லாத ஒரு நாளை மணிவாரியாக எழுதச் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமையோடு வேலை முடியும் வெல்டர் ஸ்வானே, பத்து மணிக் கட்டத்தில் மட்டும் ‘மரெண்டா’ என்று எழுதியிருக்கிறார். ஆறு கூட்டாளிகளோடு நாற்பது வருடம் ரொட்டியும் மத்தி மீனும் தின்ற இடைச்சாப்பாட்டு வேளை அது. மற்ற கட்டங்களில் ஒன்றுமில்லை. மனைவி ஃபூமே எட்டிப் பார்க்கிறாள். “யாரோடய்யா தின்னப் போற? செவுத்தோடயா?” தீப்பொறித் தழும்பு விழுந்த அவர் விரல்களில் பென்சில் உருள்கிறது. அவள் தன் தாளில் பத்து மணிக்கு எழுதிய ‘சந்தை’யை அழித்து, ரப்பர் துகளை ஊதிவிட்டு, ‘மரெண்டா’ என்று எழுதுகிறாள். “மீனை நீதான் வறுக்கணும். கருக்கினே, பாத்துக்க.”