முள் குவியல்

இந்தக் காலத்தில் திருடுகிறவர்களுக்குக்கூடக் கூச்சம் இல்லை. முன்பெல்லாம் விடியுமுன் வந்து, அள்ளிக்கொண்டு ஓடிப்போவார்கள். இவளோ பட்டப்பகலில், ஓக் மரத்தடியில் மண்டி போட்டு உட்கார்ந்துகொண்டு பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் சாக்கு. சாக்கு நிறைய ஓக் கொட்டை.

"எந்திரி" என்றேன்.

திரும்பினாள். ரொட்டிக்கடை ஃபெலிசா. ஐம்பதை நெருங்குகிறவள், ஊரில் நல்ல பேர். நல்ல பேரை நான் என்றைக்கும் நம்பியதில்லை.

"அட, சக்காரியாஸ் மாமாவா? ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன்."

"பயப்படணும். நாளன்னைக்கு இங்க பன்னியை விடப்போறோம். அதுங்க தின்னு கொழுக்க வேண்டியதை நீ மூட்டை கட்டுற. உங்க வீட்டுப் பன்னிக்கா?"

"எங்க வீட்ல தின்னு கொழுக்கிறது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் மாமா."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் கையில் களைக்கொத்து இருந்தது. நகமெல்லாம் மண். உதிர்ந்து கிடக்கிற கொட்டையைப் பொறுக்கக் களைக்கொத்து எதற்கு என்று தோன்றத்தான் செய்தது. ஆனால் திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த நேரத்தில் யார் அதையெல்லாம் யோசிக்கிறார்கள்?

"நாப்பத்தஞ்சு வருஷமா இந்தப் பண்ணைக்கு நான் காவல். என் கண்ணுல பட்ட ஒருத்தரையும் விட்டதில்ல, தெரியுமா? முள்ளை வெட்டிக் குவிச்சு அதுக்கடியில கொட்டையைப் பதுக்கி வச்சதும் நீதானே?"

"பதுக்கினேனா?"

"பின்ன? மூணு வருஷமா பார்த்த குவியலையெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு வரேன். தோண்டினா ஒவ்வொண்ணுலயும் நாலு கொட்டை. எல்லாத்தையும் பன்னிக்குப் போட்டேன்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "எத்தனை குவியல் மாமா?"

"முப்பது, நாப்பது இருக்கும்."

"ஆடு வந்து கலைச்சிடுச்சுன்னு இல்ல நெனச்சேன்" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

பிறகு எழுந்து, வாங்க என்று கையைக் காட்டிவிட்டு நடந்தாள். பாறைக்குப் பின்னால் ஒரு முள் குவியல். என் கண்ணுக்குத் தப்பியது. மேலே கிடந்த கிளையை விலக்கினாள். உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஓர் ஓக் கன்று நின்றது.

ஸ்பெயினின் இந்த எஸ்த்ரெமதூராச் சீமையில் பெரிய மரங்கள் ஒவ்வொன்றாக நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. அடியில் எது முளைத்தாலும் பன்றி விடுவதில்லை. இன்னும் இருபது வருஷத்தில் கொட்டையும் இருக்காது, பன்றியும் இருக்காது, நிலத்தை விற்கவேண்டியதுதான் என்று முதலாளி புலம்பாத நாளில்லை. இந்தப் பண்ணையில் ஓர் இளங்கன்றை நான் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

"முதல் வருஷம் வச்சதுல இது ஒண்ணுதான் மிச்சம்போல" என்றாள். "முள்ளு இருந்தா பன்னி வாய் வைக்காது. இந்த வருஷம் வைக்கிறதையாவது விட்டுடுங்க மாமா. நாலு வருஷம் தாண்டிட்டா அதுவே பொழச்சுக்கும்."

எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் உடனே தப்பை ஒப்புக்கொண்டு தலைகுனிகிறவர்கள் உலகத்தில் உண்டா?

"உன் நிலமா இது? அடுத்தவன் பண்ணையில நட்டு உனக்கு என்ன ஆகப்போகுது?"

அவள் மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "உள்நாட்டுச் சண்டை முடிஞ்சு பஞ்சம் வந்துச்சே, அப்ப எனக்கு அஞ்சு வயசு. எங்கம்மா இங்க வந்து ஒரு சாக்கு கொட்டை பொறுக்கிட்டா. தூக்கிட்டுத் திரும்பினா, இருபது அடியில காவல்காரர். அவர் சட்டுனு முதுகைத் திருப்பிக்கிட்டு சிகரெட் பத்தவைக்க ஆரம்பிச்சாராம். அம்மா ஓடையைத் தாண்டுற வரைக்கும் திரும்பவே இல்லையாம். அதை வறுத்து இடிச்சுத்தான் நாங்க அஞ்சு பிள்ளைங்களும் அந்தக் குளிரைத் தாண்டினோம்."

நான் தடியைப் பாறையில் சாய்த்து வைத்தேன்.

"அம்மா சாகறப்ப சொன்னா, அந்தப் புண்ணியவான் காத்த பண்ணைக்கு வருஷம் ஒரு சாக்கு திருப்பிக் குடுன்னு. அதான் வெளியிலேர்ந்து கொண்டாந்து நடுறேன். அந்தப் பஞ்சத்துல இங்க காவல் நீங்க ஒருத்தர்தானே மாமா?"

நான் ஒருத்தன்தான். அந்தக் குளிர்காலத்தில் எத்தனை பெண்களின் சாக்கைப் பிடுங்கிக் கொட்டினேன், எவள் முதுகில் தடியை இறக்கினேன், எவள் காலைப் பிடித்து அழுதாள், எல்லாம் பேர்பேராக ஞாபகம் இருக்கிறது. அதில் இவள் அம்மா மார்த்தினாவின் பேர் இல்லை. இது எப்போதும் காற்று பிய்த்துக்கொண்டு போகிற மேடு. காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றாலும் ஒரு சிகரெட் பற்ற நாலைந்து தீக்குச்சியாவது ஆகும்.

"நல்ல மனசு மாமா உங்களுக்கு. வெளியில காட்டிக்கறதுதான் இல்ல."

எங்கே பார்ப்பதென்று தெரியாமல், அவள் விலக்கிய முள் கிளையை எடுத்துக் கன்றின் மேல் சாத்தினேன். முள் உள்ளங்கையில் ஏறியது. அப்படியே தடியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஒருத்தி சாகும்வரை இதை நம்பியிருக்கிறாள், இன்னொருத்தி அதற்காக மூன்று வருஷமாக மண்ணைக் கிளறுகிறாள். அப்படியொரு நல்ல மனசு எனக்கு இருந்ததென்று எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. பத்தடி போனதும் நின்றேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"உங்கம்மாவை நான் பார்க்கல ஃபெலிசா" என்றேன். "பார்த்திருந்தா விட்டிருக்க மாட்டேன்."