ஆயர் காதுக்கு மட்டும்

“மார்ச் பன்னிரண்டாம் தேதி சாயங்காலம், நம்ம பள்ளி விடுதியில ஒரு பையனை வார்டன் பெல்ட்டால அடிச்சாரு. என் கண்ணால பாத்தேன், ஆண்டகை. பங்குத்தந்தை அதை அப்படியே அமுக்கிட்டாரு. இதுதான் என் புகார்.”

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மூச்சு வாங்கினார். தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஆனாலும் முற்றுப்புள்ளி ஒவ்வொன்றும் சுத்தியலால் அடித்தாற்போல் விழுந்தது. பங்குக் கோயிலைப் பார்வையிட வந்திருந்த ஆயர், முகத்தைத் திருப்பாமல் காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, கொஞ்சம் நிறுத்துங்க. இது இங்க வேணாமே.”

“வேற எங்க? எந்தக் குறையா இருந்தாலும் நேரா எங்கிட்ட வாங்கன்னு காலையில பிரசங்கத்துல சொன்னது நீங்கதானே?”

“சொன்னேன். அதான், வெளியில போய்ப் பேசலாம்ங்கறேன்.”

“வெளியிலயா? வராந்தாவுல நிக்க வெச்சு, தோள்ல தட்டி, ஆசீர்வாதம் குடுத்து அனுப்பிடலாம்னா?”

ஆயரிடமிருந்து பெருமூச்சுதான் வந்தது. தட்டிக் கழிப்பவர்களின் பெருமூச்சு எப்படியிருக்கும் என்பது தலைமையாசிரியருக்குத் தெரியும். அவரே ஒரு காலத்தில் பெற்றோர் கூட்டங்களில் விட்டதுதான்.

“அறிவிப்புப் பலகையில என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? ‘மாணவன் ஒருவன் காயமடைய நேரிட்டது.’ நேரிட்டதாம்! அந்த வாக்கியத்துல அடிச்ச ஆள் எங்க போனான்? எட்டாம் வகுப்புப் பையன் இப்படி எழுதியிருந்தா முட்டை போட்டிருப்பேன்.”

“ஐயா, தயவு செஞ்சு…”

“அடி வாங்கின பையனுக்கு அப்பா அம்மா இல்ல. அந்த வார்டன் இன்னமும் அதே விடுதியிலதான் இருக்கான். மறுபடியும் அடிச்சா யார் பொறுப்பு? நீங்கதான்!”

“அப்படின்னா எனக்கு எதிர்ல உக்காந்து, உங்க பேரோட சொல்லுங்க.”

தலைமையாசிரியரின் சுருதி சட்டென்று இறங்கியது.

“பேரா? பேர் எதுக்கு ஆண்டகை? என் மக அதே பள்ளியில டீச்சர். பங்குத்தந்தைதான் தாளாளர். நாளைக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. நீங்களா கண்டுபிடிச்ச மாதிரி நடவடிக்கை எடுங்களேன்.”

“என்னால முடியாது.”

“முடியாதா? இதைக் கேக்கவா முழங்கால் தேய வந்தேன்? பதவியில இருக்கறவங்க பொறுப்பேத்துக்கணும். ஒளிவு மறைவே கூடாது. நெஞ்சை நிமித்திக்கிட்டு நாலு பேர் முன்னால நிக்கணும்!”

“ஐயா,” என்றார் ஆயர், அழாக்குறையாக. “நீங்க இருக்கறது பாவமன்னிப்பு கேக்கற பாவசங்கீர்த்தனக் கூண்டுல. இந்தச் சல்லடைத் தடுப்பு வழியா என் காதுக்கு வந்ததை வெச்சு நான் ஒரு விரலைக்கூட அசைக்கக் கூடாது. கேட்டேன்னுகூடச் சொல்லக் கூடாது. அதான், வெளியில வந்து சொல்லுங்கன்னு அப்பலேர்ந்து கெஞ்சறேன்.”

இந்த விதியை ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு நடத்திவருபவர் சாட்சாத் தலைமையாசிரியரேதான். தட்டுத் தடுமாறி எழுந்து திரையை விலக்கினார். வெளியே, காத்திருந்தவர்களை வரிசைப்படுத்திக்கொண்டு பங்குத்தந்தை நின்றிருந்தார்.

“என்ன சார், இவ்வளவு நேரம்? அவ்வளவு பாவமா?”

தலைமையாசிரியர் பதிலுக்குச் சிரித்தார்.

வாசகரே, இப்படித் திரைக்குப் பின்னாலிருந்து கர்ஜிக்கும் கிழவர் எவரையேனும் கண்டால், தயவுதாட்சணியம் பாராமல் கையைப் பிடித்து இழுத்துவந்து ஆயருக்கு எதிரே நாற்காலியில் உட்கார வையுங்கள்; அந்தப் பையன் இன்றும் அதே விடுதியில்தான் படுக்கப் போகிறான்.