பன்னிரண்டில் ஒரு முகம்

"இன்னாம்மா இது அநியாயம்? இருபது தபா தொறந்தேன். இருபது தபாவும் அந்த ரவிக்குமார் மூஞ்சிதான் வருது. கிளப்பு செகரட்டரி நான். எம்மூஞ்சி ஒரு தபா கூட வரல!"

மனோகரன் போட்ட சத்தத்தில் பிரவுசிங் சென்டரே திரும்பிப் பார்த்தது.

அங்கே பகல் ஷிப்டு பார்க்கும் யசோதரா தலையைக் குனிந்துகொண்டாள். திருவொற்றியூர்க் கால்பந்து கிளப்புக்காக அவள் செய்த வெப் பக்கம் அது. பதினோரு ஆட்டக்காரர்கள், ஒரு செகரட்டரி, ஆகப் பன்னிரண்டு படங்கள். பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் சீட்டுக் குலுக்கி, அதில் ஒன்றை எடுத்துக் காட்டும்.

இரண்டாயிரத்து இரண்டு. டயல்-அப் காலம். மோடம் கீச்சிட்டு ஓய்ந்ததும், படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். நெற்றி தெரிவதற்குள், "டேய், இது அவன்டா!" என்று பையன்கள் பந்தயமே கட்டுவார்கள். இப்போது நினைத்தாலும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

அன்று வரவில்லை.

"அது தானா வர்றதுங்க, சார். எது வரும்னு எனக்கே தெரியாது."

"தெரியாதா? அவன் இன்னா உனக்கு அத்த புள்ளையா? எல்லாருக்கும் சமமா வரணும். இல்லாங்காட்டி உன் ஓனராண்ட பேசிக்கிறேன்."

கண்ணில் நீர் முட்ட, புரோகிராமைத் திறந்தாள்.

அவள் எழுதிய பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள்தான். இப்போது ரவியின் பெயர் மட்டும் இருநூறு தடவை இருந்தது!

லியோனார்டின் வேலை. மாலை ஷிப்டு பார்ப்பவன். பாஸ்வேர்ட் தெரிந்த இன்னொரு ஆள் அவன்தான். ரவிக்கு உயிர்த்தோழன் வேறு. மனோகரனிடம் சொன்னாள்.

"தோஸ்துக்கு கள்ள ஓட்டு குத்திகீறான் பாரு! அழிம்மா எல்லாத்தையும்."

அழித்தாள். ரவிக்கும் ஒன்றே ஒன்று மிச்சம் வைத்து, பக்கத்தை மறுபடி ஏற்றினாள்.

அப்போதுதான் மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு முத்தம்மா உள்ளே வந்தாள். ரவியின் அம்மா. கூடவே, ஷிப்டுக்கு வந்த லியோனார்ட்.

"போடு நைனா. வெள்ளிக்கெயம ஆச்சே."

நின்றபடியே திரையைப் பார்த்துக் கைகூப்பினாள். லியோனார்ட் தட்டினான். படம் இறங்கத் தொடங்கியது. முதலில் கொஞ்சம் வானம். பிறகு பளபளவென்று ஒரு வழுக்கை.

"பாத்தியா! நான்தான்!" மனோகரன் கைதட்டினார்.

முத்தம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம்புள்ள வரலியே..."

"இன்னொரு தபா தட்டறேன், யம்மா."

"வோணாம்பா. சாமியாண்ட ரெண்டாந்தபா பூ கேக்கக் கூடாது."

லியோனார்ட் யசோதராவிடம் குனிந்தான். "பட்டியலத் தொட்டியா? ரவி கப்பலுக்குப் போயி ஏழு மாசம். மூணு மாசமா லெட்டர் இல்ல. கோயில்ல பூ போட்டுப் பாக்குற மாதிரி, இந்தம்மா வாரத்துக்கு ஒருவாட்டி இங்க வந்து பாக்குது. அவன் மூஞ்சி வந்தா, நல்லா கீறான்னு அர்த்தம். மொத வாரம் வரல. ரெண்டு நாளு பச்சத்தண்ணி பல்லுல படல. அதான்..."

மெதுவாகத்தான் சொன்னான். மனோகரனின் காதிலும் விழுந்தது. தட்டிய கைகள் தாமாகக் கீழே இறங்கின.

யசோதராவின் விரல்கள் அதற்குள் கீபோர்டில் ஓட ஆரம்பித்திருந்தன.

மனோகரன் போய் முத்தம்மாவின் எதிரே தரையில் குந்தினார்.

"அட, இன்னா யக்கா நீ! மிசினு பேஜாரு. காலைலேர்ந்து யாரு தட்டினாலும் எம்மூஞ்சியேதான் வந்துகினு கீது. அத்தக் கேக்கத்தான் நானே இங்க வந்தேன்!"