பொழுது சாய்வதற்குள்

“குணமாலா, பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட வா!”

“மனோன்மணி வீட்டுல சாப்ட்டேம்மா.”

“தினமும் சிநேகிதி வீட்டுச் சோறுதான் இவளுக்கு ருசி” என்று முணுமுணுத்தபடி கவளத்தை எடுத்தார் அப்பா சக்கரவர்த்தி.

மகள் எதிரே வந்து நின்றாள். “எட்டாவது பாஸாயிட்டேன். ஹைஸ்கூல்ல எப்பப்பா சேக்கப் போற?”

மழை ஏமாற்றி, நிலம் காய்ந்து கிடந்த எரிச்சல் அவருக்கு. “காஞ்சிபுரத்துலேர்ந்து பஸ் வர்றதுக்குள்ள இருட்டிடும். விளக்கு வெச்சப்புறம் நம்ம ஜைனருங்க யாராவது சாப்பிடுவாங்களா? தினமும் பட்டினி கிடப்பியா?”

“கிடப்பேன்.”

“சாயங்காலத்துக்கும் சேத்துக் கட்டிக் குடுக்க அரிசி ஏதுடி?” என்றாள் அம்மா.

“வேணாம்மா. மத்தியானத்துக்கு மட்டும் குடு.”

“நாலே நாள்ல சுருண்டு விழுவ!” என்று சீறினார் சக்கரவர்த்தி.

“பொங்கல்லேர்ந்து சாயங்காலம் நான் சாப்பிடறதே இல்லப்பா. பானையில சோறு பத்தலைன்னுதான் மனோன்மணி வீட்டுல சாப்ட்டேன்னு பொய் சொல்லிக்கினு இருந்தேன். சுருண்டா விழுந்துட்டேன்?”

அவர் கையிலிருந்த கவளம் தட்டிலேயே விழுந்தது. அம்மா அவசரமாக இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

“இன்னும் வெளிச்சம் இருக்குது. மொதல்ல உக்காந்து சாப்பிடும்மா” என்றார் சக்கரவர்த்தி.

குணமாலா தட்டைத் தொடவில்லை.

“மொதல்ல சேக்கறேன்னு சொல்லுப்பா.”