பதினொரு நாள்

வியாசர்பாடியில் மிக்ஸி பழுதுபார்க்கும் பிலோமினா, பழைய வாஷிங்மெஷின் மோட்டாரை வைத்து ஒரு பம்பு செய்திருந்தாள். சேறு, தலைமுடி, பிளாஸ்டிக் பை எதுவும் அதை அடைக்காது. அதைத் தன் பெயரில் பதிய வந்த அன்று, கண்டுபிடிப்புத் துறை அலுவலகத்துக்குள்ளேயே மழைத்தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. பம்பை ஓட்டிக் காட்டினாள். தண்ணீர் வடிய வடிய, அதிகாரி திருவேங்கடத்துக்கு ஞானம் ஊறியது.

"இது நீங்க கண்டுபிடிச்சது இல்ல மேடம். ஆதிக்குரங்கு தண்ணியப் பார்த்துப் பயந்துச்சு. அந்தப் பயம்தான் உங்க மூளை வழியா பம்பா வெளிய வந்திருக்கு. நீங்க செய்யலன்னாலும் பதினொரு நாள்ல இன்னொருத்தர் செஞ்சிருப்பார்னு இந்தக் கம்ப்யூட்டர் சிஸ்டம் சொல்லுது."

படிவத்தில் 'கண்டுபிடித்தவர்' என்ற இடத்தில் 'பரிணாமம்' என்றும், 'உரிமையாளர்' என்ற இடத்தில் 'துறை' என்றும் சிஸ்டமே அச்சடித்திருந்தது. பம்பால் யாருக்காவது ஷாக் அடித்தால் ஜெயிலுக்குப் போகவேண்டியவரின் பெயருக்கு மட்டும் இடம் காலியாக விட்டிருந்தார்கள்.

மூன்று மழைக்காலம் சாக்கடையில் கையை விட்டு அந்தப் பம்பைச் சரிசெய்தவள் பேனாவை எடுத்தாள். காலி இடத்தில் 'குரங்கு' என்று அழுத்தி எழுதினாள்.

"அங்க மனுஷங்க பேருதான் எழுதணும் மேடம்" என்றார் திருவேங்கடம்.

"ஓ, தப்புக்கு மட்டும் மனுஷங்க வோணுமா?"

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிப் பம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். வடிந்த தண்ணீர் வாசல் வழியே திரும்ப உள்ளே வந்தது.

"மேடம், பம்பு?"

"பதினொரு நாள்ல இன்னொருத்தர் கொண்டாருவாரு சார். அதுவரைக்கும் அந்தக் குரங்கு மாதிரி மேசை மேல ஏறிக் குந்திக்கினு இருங்க."